யுவனுக்கு நாலே நாலு பந்து

போன வாரம் சாலையோர ஒட்டுக்கடையில் தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, பயிற்சியாளர்களான உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: “அங்கிள், கப்பு முக்கியமா, பிள்ளைங்க முக்கியமா?” மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் ஒரே குரலில் “பிள்ளைங்கதான்” என்றோம். ஒட்டுக்கடையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது சுலபம். கேட்டவரே மறுநாள் காலை, ஒரு கோல் பின்தங்கிய ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒரு பொடியனை வெளியே எடுத்துவிட்டு உயரமான பையனை உள்ளே இறக்கினார். நான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறை சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் ஐந்து நிமிடம் முன்னதாகவே இறக்கியிருப்பேன்.

நான் இருபத்திரண்டு வருடம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவன். பகலில் ஈப்போவில் கட்டடம் கட்டடமாக லிஃப்ட் பழுது பார்ப்பேன். சாயங்காலமும் சனிக்கிழமையும் திடலில் இருப்பேன். முட்டி தேய்ந்த பிறகு இரண்டையும் விட்டுவிட்டேன். பயிற்சி முறை, அட்டவணை இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். கப்பு கிடைக்காமல் போன ஒரு வருடத்தை மட்டும் சொல்கிறேன்.

அந்த வருடம் எங்களிடம் தர்ஷன் இருந்தான். பன்னிரண்டு வயதில் பதினைந்து வயதுப் பையனின் உடம்பு. ஓட ஆரம்பித்தால் யாரும் பிடிக்க முடியாது. அவனுடைய அப்பா ரவி, கல்லுடைக்கும் இடங்களிலிருந்து லாரியில் கல் ஏற்றிப் போகிறவர். மகனுடைய ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை அவர் லாரியைத் தொட மாட்டார்.

எங்கள் ஆட்டமுறை ஒரே வரிதான். கோல் கீப்பர் ஷாலினி பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும், தர்ஷன் துரத்திப் பிடிக்க வேண்டும், கோல். ஷாலினி புந்தோங்கில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவரின் மகள், அவள் உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டிவிடும். அணியில் ஒன்பது பேர். மற்ற ஏழு பேர் என்ன செய்தார்கள் என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், “அவங்கவங்க இடத்துல நின்னாங்க” என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன். ஒழுங்காக நின்றார்கள். அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை, அன்றும் ஆறுக்குப் பூஜ்யம். செமோரில், பழைய ரப்பர் தோட்டத்துத் திடலில் ஆட்டம். தோட்டம் எப்போதோ வீடுகள் நிறைந்த தாமானாகிவிட்டது, திடல் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். கலைவாணி வந்து நின்றார். எங்கள் வலது பின்வரிசையில் ஆடும் யுவனின் அம்மா. கையுறைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை. ஒவ்வொரு கையுறையாக வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எண்ணிப் போடும் வேலை.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்று ஒரு தாளை நீட்டினார். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம். ஒன்பது பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்தைந்தாகக் கோடுகள். “வேலையில எண்ணி எண்ணிப் பழகிருச்சு. கை சும்மா இருக்க மாட்டேங்குது. யாரு எத்தன வாட்டி பந்தத் தொடுறாங்கன்னு எண்ணிப் பாத்தேன். தர்ஷன் எழுபத்தொண்ணு. என் மவன் நாலு. அதுலயும் ரெண்டு வாட்டி கையால, வெளிய போன பந்த எடுத்து எறிஞ்சது. ஃபுட்பால்னா இப்படித்தானாண்ணே?”

அவர் சண்டைக்கு வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் நானும் பொறுமையாகவே பதில் சொன்னேன்.

“யுவன் அம்மா, அவன் பேக்லா, பின்னால நிக்கிறவன். எதிராளி முன்னேறி வந்தாத்தான் அவனுக்கு வேலை. இன்னிக்கு எதிராளி வரவே இல்ல.”

கொஞ்சம் யோசித்தார். “அப்ப எதிராளி நல்லா ஆடுனாத்தான் என் மவன் ஆட்டம் கத்துக்குவானா?”

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. பழுது பார்க்கிறவன் புத்தி எனக்கு. லிஃப்ட் ஏன் மூன்றாவது மாடியில் மட்டும் குலுங்குகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. இது அந்த மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் நானே கலைவாணியைத் தேடிப் போய், “மறுபடி எண்ணுங்க. இந்த வாட்டி எந்தக் காலு, யாருக்குக் குடுத்தாங்க, அதயும் போடுங்க” என்றேன். அவர் அதற்குள் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

மூன்று ஆட்டம் எண்ணினோம். யுவனுக்குப் பந்து வருவதில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். நான் எதிர்பார்க்காதது தர்ஷனின் கணக்கு. மூன்று ஆட்டத்திலும் இடது காலால் அவன் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லை. கூட ஆடுகிறவருக்குக் கொடுத்தது இரண்டே தடவை. மற்றதெல்லாம் ஒன்றுதான்: ஓடு, வலது காலால் தட்டு, வலது காலால் அடி. எழுபது தடவை தொட்டான் என்றால், ஒரே காரியத்தை எழுபது தடவை செய்தான் என்று அர்த்தம். நாலு தடவை தொட்டவனும் எழுபது தடவை தொட்டவனும் என்னிடம் ஒரே அளவுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த உற்சாகம் இருக்கிறதே, அங்கேதான் தப்பு செய்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றினேன். தர்ஷன் வலது பின்வரிசை. யுவன் முன்வரிசை. ஷாலினி பந்தைத் தூக்கி அடிக்கவே கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கு உருட்டித்தான் விட வேண்டும். எதிரணி பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த அணி, பயமில்லை என்று நினைத்தேன்.

மூன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். ஷாலினி உருட்டிய பந்தில் பாதி நேராக எதிராளியின் காலுக்குப் போனது. யுவன் முன்வரிசையில், பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றான். ஆட்டம் முடிந்ததும் ரவி கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

“என்னா கோச் இது, பரிசோதனையா? என் மவன் என்னா, எலியா?”

“பிள்ளைங்க எல்லாம் கத்துக்கணும்ல ரவி.”

“கத்துக்கட்டும்லா, நான் வேணான்னா சொன்னேன்? செமி ஃபைனலுக்கு மாநிலத் தேர்வு முகாம்காரங்க வாராங்க. முன்னால நின்னு கோல் அடிக்கிறவனத்தான் அவங்க பாப்பாங்க. எம்மவன் பின்னால நிக்கிறத யாரு பாப்பா? அவனுக்கு இது ஒரு வாட்டிதான் கோச் வரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதன்கிழமைப் பயிற்சிக்குத் தர்ஷன் வரவில்லை.

வியாழன் சாயங்காலம் புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். லாரி இன்னும் திரும்பவில்லை. தர்ஷன்தான் கதவைத் திறந்தான். உள்ளே கூப்பிடவில்லை. வாசல் கிரில்லைப் பிடித்தபடி கேட்டான்:

“நான் என்னா தப்பு பண்ணேன் கோச்?”

“தப்பா? யாருடா சொன்னா?”

“பின்னால நிக்க வச்சீங்கள்ல. ஆடத் தெரியாதவங்களத்தான பின்னால வைப்பீங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு பிள்ளையிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அவன் என்னிடம் கற்றது அதுதான். அவன் மட்டுமா? அத்தனை சனிக்கிழமையும் பின்னால் நின்ற யுவனும் அதையேதான் கற்றிருப்பான். இதைக் கலைவாணியின் நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிள்ளைகளின் கால்களை எண்ணிய நான் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அந்த வாசலில்தான் உறைத்தது.

மறுநாள் பந்துகளைப் பையிலேயே வைத்துவிட்டு எல்லாரையும் புல்லில் உட்காரச் சொன்னேன். முதலில் தர்ஷனிடமும் ஷாலினியிடமும் யுவனிடமும் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். சொல்லாமல் மாற்றியதற்கு. பிறகு கலைவாணியின் தாளையும் நோட்டையும் காட்டினேன். தலைகள் மோதும் அளவுக்கு நெருங்கி வந்து பார்த்தார்கள். “டேய், நீ நாலுதான்டா” என்று ஒருவன் யுவனைப் பார்த்துச் சிரித்தான். யுவன் பதிலுக்கு, “தர்ஷன் இடது காலப் பாருடா, முட்ட” என்றான். தர்ஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. நோட்டை வாங்கித் தானே பக்கம் புரட்டித் தேடினான்.

“சரி, உங்களுக்கு என்னா வேணும்?” என்று கேட்டேன்.

“ஜெயிக்கணும்.” ஒருவர் விடாமல் எல்லாரும்.

“அப்புறம்?”

யுவன்தான் மெதுவாகச் சொன்னான்: “பந்து வேணும் கோச். ஆனா முன்னால வேணாம். எனக்கு அங்கயே வேணும்.”

முன்வரிசையில் போட்டால் சந்தோஷப்படுவான் என்று நான் நினைத்திருந்தேன். அவனுக்கு அவனுடைய இடமே பிடித்திருந்தது. அந்த இடத்துக்குப் பந்து வரவேண்டும், அவ்வளவுதான்.

பேரம் பேசினோம். முதல் பாதியில் தர்ஷன் நடுவில் ஆடுவான், பின்வாங்கி வந்து பந்து வாங்கப் பழகுவான். இரண்டாம் பாதியில் முன்னால் போவான், தேர்வுக்காரர்கள் பார்க்கட்டும். இதை ரவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் லாரிப் படியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, “ரெண்டாவது பாதி நிச்சயம்ல?” என்று மட்டும் கேட்டார். ஷாலினி விஷயத்தில்தான் எனக்கு முடிவெடுக்க வரவில்லை. தூக்கி அடிக்கச் சொல்வதா, உருட்டச் சொல்வதா? அவளே முடித்து வைத்தாள்:

“அத நானே பாத்துக்கிறேன் கோச். ஆளு ஃப்ரீயா இருந்தா உருட்டுறேன். இல்லன்னா அடிக்கிறேன். நீங்க வெளிய நிக்கிறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சரி என்றேன். சொன்னது சுலபமாக இருந்தது.

அடுத்த மூன்று மாதமும் அப்படியே ஆடினோம். அரையிறுதி சிலிம் ரிவரில். வேன் பிடித்துப் போனோம். ரவியும் கலைவாணியும் கூடவே வந்தார்கள். தேர்வு முகாமிலிருந்து தொப்பி போட்ட இரண்டு பேர் திடலோரத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரணி எங்களைவிட நல்ல அணி. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். இரண்டாம் பாதியில் தர்ஷன் முன்னால் போனான். பழைய தர்ஷன், ஓடினான், வலது காலால் அடித்தான், ஒன்றுக்கு ஒன்று. ரவி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

கடைசி இரண்டு நிமிடம். பந்து ஷாலினியின் கையில். தர்ஷன் முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். ரவி கத்துகிறார், “தூக்கி அடி, தூக்கி அடி!” அப்போது அவர் குரலையும் மீறி இன்னொரு குரல் கேட்டது. “தூக்கி அடி ஷாலினி!” அது என் குரல்.

ஷாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அரை நொடி. பிறகு பந்தை வலது பக்கம் யுவனுக்கு உருட்டினாள்.

யுவன் பந்தை நிறுத்தினான். எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான்; யுவன் பதறாமல் பந்தை இழுத்து, உள்பக்கம் திரும்பி, அவனைத் தாண்டவிட்டான். நாலு மாதம் முன்னால் அவனால் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. ஆனால் பின்னாலேயே இரண்டாவது ஆள் வந்ததை அவன் பார்க்கவில்லை. பந்து போயிற்று. கோல். இரண்டுக்கு ஒன்று. விசில்.

யுவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரவி உள்ளே ஓடினார். “கோச் சொன்னத கேட்டிருந்தா இந்நேரம் ஃபைனல்லா! கோச் சொன்னார்ல?”

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். தோற்ற மறு நிமிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைப் பிள்ளைகள் மறப்பதில்லை. நான் சும்மா இருந்திருந்தால் போதும். பழி தானாகவே ஷாலினி மேலும் யுவன் மேலும் விழுந்திருக்கும். என் பெயர் தப்பியிருக்கும். அந்த ஆசை வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“பந்து அங்கதான் போகணும்,” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. “ஷாலினி பாத்தது சரி. நான் கத்துனதுதான் தப்பு. அவ பாத்துக்குவான்னு வாக்குக் குடுத்துட்டு நான்தான் மீறிட்டேன்.”

ரவி முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில் அழுகை அடங்கியதும் ஒன்று நடந்தது. பின் இருக்கையில் பேச்சு ஆரம்பித்தது. “ரெண்டாவது ஆளு வாரான்னு யாராச்சும் குரல் குடுத்திருக்கணும்ல?” “நான் பாத்தேன், ஆனா கத்தல.” “தர்ஷன் நீ இறங்கி வந்திருந்தா அவன் உனக்குக் குடுத்திருப்பான்.” “ஆமா, நான் மேலயே நின்னுட்டேன்.” இத்தனை வருடமாக என் பிள்ளைகள் வேனில் கோல் கணக்கைத்தான் பேசியிருக்கிறார்கள், ஆட்டத்தைப் பேசியதில்லை. நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே வந்தேன். முன் இருக்கையில் இருந்த ரவியும் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

தாப்பா ஊரைத் தாண்டியதும் ஷாலினி என் தோளைத் தட்டினாள். “கோச், நீங்க ஏன் தூக்கி அடின்னு கத்துனீங்க?”

“பயந்துட்டேன்டா.”

“நானும்தான் பயந்தேன்,” என்றாள். “ஆனா யுவன் ஃப்ரீயா இருந்தான்.”

ஜெயிக்க ஆசைப்படாதீர்கள் என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. பிள்ளைகளைக் கேட்டால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அதை அவர்களிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை கிடையாது. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று கத்தும்போது, எந்த ஆசை கத்துகிறது, அவர்களுடையதா நம்முடையதா என்று ஒரு தடவை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. சில சனிக்கிழமைகளில் சரியாகக் கேட்டது. சில சனிக்கிழமைகளில் கேட்கவில்லை.

அந்தத் தொப்பிக்காரர்கள் தர்ஷனை முகாமுக்கு அழைத்தார்கள். மூன்று நாள் முகாம். இரண்டாவது நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பயிற்சிக்கு ரவி தனியாக வந்தார். கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன். என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னார்:

“பந்த இடது பக்கமா குடுத்துக் குடுத்துப் பாத்தாங்களாம் கோச். ஒவ்வொரு வாட்டியும் வலது காலுக்கு மாத்தினானாம். அதுக்குள்ள அடுத்தவன் எடுத்துட்டுப் போயிர்றானாம்.” பிறகு, “நாலு வருசமா உங்ககிட்டதான இருந்தான்?” என்றார்.

“ஆமா ரவி. நாலு வருசம் அவன வச்சு ஜெயிச்சேன். அவனுக்குச் சொல்லிக் குடுக்கல.”

அவர் தலையாட்டினார். மன்னித்தாரா என்று தெரியாது. நான் கேட்கவுமில்லை.

அந்த வருடத்தில் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது, மூன்றாம் இடத்துக்கானது, செமோர் திடலில். தர்ஷன் அரைமணி நேரம் முன்னதாகவே வந்தான். காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, “கோச், என்னை இடது பேக்குல போடுங்க,” என்றான்.

“ஏன்டா?”

“அங்க நின்னா இடது காலாலதான் அடிச்சாகணும்.”

போட்டேன். முதல் கோலே அவன் பக்கமாகத்தான் விழுந்தது. பந்து இடது காலுக்கு வந்தது, அவன் வலதுக்கு மாற்றப் போனான், அதற்குள் போய்விட்டது. நான் ரவியின் பக்கம் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இடத்தில் அதே மாதிரி பந்து வந்தது. இந்தத் தடவை தர்ஷன் மாற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது காலால் ஓங்கி உதைத்தான். பந்து கோணலாகப் பறந்து, வேலியைத் தாண்டி, தாமான் ஓரத்துப் பெரிய சாக்கடையில் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்ஷனும்தான்.

ரவி காற்சட்டையை முட்டிவரை மடித்துக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கினார். பந்தை எடுத்துச் சட்டையிலேயே துடைத்தார். வேலிக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டுக் கத்தினார்:

“அதே காலாலடா! இன்னொரு வாட்டி!”